களைத்து வந்த ராத்திரிக்குப் பயறு கஞ்சி

சாயங்காலம் திருவனந்தபுரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறி, நெய்யாற்றின்கரை தாண்டும்வரை நின்றுகொண்டே வந்து, இரணியலில் இறங்கி, மழையில் ஊறிக் கிடக்கும் ஸ்கூட்டி சீட்டைத் துப்பட்டாவால் துடைத்து, ஒருவழியாக வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் சின்னவன் கேட்பான், "அம்மா, ராத்திரிக்கு என்ன?" என்று. சமைப்பதற்குக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கும். என்ன சமைப்பது என்று யோசிக்கத்தான் இருக்காது. ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு வாடிப்போன வெண்டைக்காயையும் அரைமூடித் தேங்காயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்ற ராத்திரிகளுக்குக் கணக்கில்லை, கடைசியில் எட்டரை மணிக்குப் பரோட்டா வாங்க ஆள் அனுப்பியிருப்பேன்.

அதனால் நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் களைத்து வருகிற நாளென்றால் பயறு கஞ்சி. மறு பேச்சு கிடையாது. சிறுபயறு போட்ட கஞ்சி, தேங்காய்த் துவையல், தொட்டுக்கொள்ளப் பப்படமோ கருவாடோ ஏதாவது ஒன்று, அவ்வளவுதான். முதலில் பிள்ளைகள் "யாருக்கு காய்ச்சல்?" என்று கேலி பண்ணினார்கள். கஞ்சி என்றால் சீக்காளி குடிப்பது என்கிற நினைப்பு எங்கிருந்தோ வந்துவிட்டது. எங்கள் மாமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராத்திரி என்றாலே கஞ்சிதானாம். பிலாவிலையை, அதாவது பலா இலையைக் கோட்டி, ஈர்க்குச்சி குத்தி, அதிலேயே கோரிக் குடித்துவிட்டு இலையை ஆட்டுக்குப் போட்டுவிடுவார்களாம். ஸ்பூன் கழுவுகிற வேலைகூட இல்லை என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். இது ஐந்து பேருக்கான கணக்கு. தம்ளர் என்று நான் சொல்வது 200 மில்லி பிடிக்கிற சாதாரண எவர்சில்வர் தம்ளர்.

சிவப்புச் சம்பா அரிசி ஒன்றேகால் தம்ளர், முழுச் சிறுபயறு அரைத் தம்ளர், வெந்தயம் அரை தேக்கரண்டி. இந்த மூன்றையும் ஞாயிற்றுக்கிழமையே அளந்து, ஒரு டப்பாவுக்கு ஒருநாள் கணக்காக மூன்று டப்பாவில் போட்டு வைத்துவிடுவேன். இது சோம்பேறித்தனமாகத் தெரியலாம், ஆனால் எங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு நிலைத்ததற்கு இந்த டப்பாதான் காரணம். டப்பா இல்லாத காலத்தில் நான் ரயிலிலிருந்து போன் பண்ணி "அரிசி எவ்வளவு, பயறு எங்கே இருக்கு, வெந்தயம் இரண்டாவது தட்டில பச்சை மூடி போட்டது" என்று கத்திக்கொண்டிருப்பேன், பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது ரயில் குழித்துறை வந்ததும் ஒரே ஒரு போன். "மாமி, டப்பாவ குக்கர்ல தட்டிருங்க." அவர்கள் "சரி மக்களே" என்பார்கள். முடிந்தது.

அவர்கள் செய்வது இவ்வளவுதான்: டப்பாவில் இருப்பதை மூன்று தடவை கழுவி, 5 லிட்டர் குக்கரில் போட்டு, ஏழு தம்ளர் தண்ணீர் ஊற்றி, உரித்த பூண்டு ஆறு பல்லும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயும் சேர்த்து மூடிவிடுவது. எண்ணெய் ருசிக்காக இல்லை. அரிசியும் பயறும் கொதிக்கும்போது நுரை கட்டி மேலே ஏறும், எண்ணெய் விட்டால் அந்த நுரை அடங்கும். இன்னொன்று, கஞ்சிக்கும் பயறுக்கும் குக்கரில் பாதிக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது, தண்ணீரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருநாள் விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நானே அளவைக் கூட்டி முக்கால் குக்கர் நிறைத்து வைத்தேன். நுரை வெயிட் ஓட்டைக்குள் ஏறி அடைத்துக்கொண்டு, அப்புறம் ஒரேயடியாகப் பீய்ச்சி அடித்த பயற்றுத் தண்ணீர் கூரைவரை போயிற்று. அந்தக் கறை இன்னும் இருக்கிறது, வெள்ளையடிக்கிறவரிடம் காட்டக்கூட வெட்கம். ஆள் கூடினால் இரண்டு தடவையாக வையுங்கள், அல்லது கெட்டியாக வேகவைத்துவிட்டுப் பிறகு வெந்நீர் விட்டு இளக்குங்கள்.

முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து இருபது நிமிஷம். அப்புறம் அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை குக்கரைத் தொடவே கூடாது. அவசரத்துக்கு வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் கஞ்சி பொங்கி அந்த வழியாகவே வந்துவிடும். சம்பா அரிசிக்கும் முழுச் சிறுபயறுக்கும் ஏறக்குறைய ஒரே வேக்காடு என்பதால்தான் இரண்டையும் ஊறவைக்காமல் சேர்த்துப் போட முடிகிறது. தட்டப்பயறு போட்டால் இன்னும் நேரம் கேட்கும், கொண்டைக்கடலையென்றால் முதல்நாளே ஊறப்போட வேண்டும், அந்த ஞாபகசக்தி இருக்கிற நாளில் நமக்குக் கஞ்சியே தேவைப்படாது. ரேஷன் புழுங்கல் அரிசியிலும் தாராளமாகச் செய்யலாம், சிம்மில் பன்னிரண்டு நிமிஷம் போதும், ஆனால் பயறு கொஞ்சம் முழுசாக நிற்கும். எனக்கு அது பிடிக்கும். மாமிக்குப் பல் இல்லை, பிடிக்காது.

நான் வீட்டுக்கு வரும்போது குக்கர் சிம்மில் முனகிக்கொண்டிருக்கும். இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வந்ததும் அடுக்களைக்குள் போகாதீர்கள். நேராகக் குளிக்கப் போங்கள். பையை வைக்கிற சாக்கில் அடுக்களையை எட்டிப் பார்த்தால், தொட்டியில் கிடக்கும் மத்தியானப் பாத்திரம் கண்ணில் படும், அதைக் கழுவ ஆரம்பிப்போம், பிறகு அடுப்புத் திண்ணையைத் துடைப்போம், கடைசியில் அழுக்குச் சேலையோடு ஒன்பது மணிவரை அங்கேயே நிற்போம். ஆவி அடங்க எப்படியும் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரம் உங்களுடையது.

குளித்து வருவதற்குள் பெரியவள் தேங்காய் துருவி வைத்திருப்பாள். பதினாலு வயசு, துருவுவதற்கு அவளுக்கு ஒரு கூலி உண்டு, துருவும்போது வாயில் போட்டுக்கொள்வதை யாரும் எண்ணக் கூடாது. துருவ ஆள் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு தேங்காய் துருவி, ஒருநாள் அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். ருசி ஒரு மாற்றுக் குறைவுதான், ஆனால் அந்த ராத்திரியில் யாரும் மாற்றுப் பார்க்கப் போவதில்லை.

ஒரு முழுத் தேங்காயில் முக்கால் பங்கு துவையலுக்கு, கால் பங்கு கஞ்சிக்கு. துவையல் என்று நான் சொல்கிறேன், மாமிக்கு அது சம்மந்தி. ஐந்தாறு மிளகாய் வத்தலைக் கொஞ்சம் எண்ணெயில் வறுத்தாலும் சரி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினாலும் சரி. தீயில் காட்டினதுதான் மணம், ஆனால் கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மிக்ஸியில் முதலில் வத்தல், உப்பு, கொட்டைப்பாக்கு அளவு புளி, இஞ்சி ஒரு சின்னத் துண்டு போட்டுப் பொடித்துக்கொண்டு, பிறகு தேங்காயும் நாலு சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்தான்) போட்டு விட்டுவிட்டுச் சுற்றுங்கள். தண்ணீர் ஒரு சொட்டு விடக் கூடாது. விட்டால் அது சட்னி. கையில் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், அதுதான் கஞ்சிக்குப் பதம், ஏனென்றால் கஞ்சியே தண்ணீர்தானே, தொட்டுக்கொள்வதும் தண்ணீராக இருந்தால் நாக்குக்குப் பிடிமானம் இருக்காது.

துவையலை வழித்து எடுத்ததும் அந்த ஜாரைக் கழுவாதீர்கள். மிச்சத் தேங்காயையும் ஒரு தேக்கரண்டி நல்ல சீரகத்தையும் அதிலேயே போட்டு, அரைத் தம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, திறந்த குக்கரில் ஊற்றுங்கள். ஜாரில் ஒட்டியிருந்த துவையலும் கஞ்சிக்குள் போய் லேசாக ஒரு காரம் கொடுக்கும், கழுவுகிற வேலையும் பாதி முடியும். பிறகு கெட்டி பார்த்து வெந்நீர், உப்பு. ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். உப்பை முதலிலேயே போட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், எவ்வளவு வெந்நீர் சேர்க்கப் போகிறோம் என்பது அப்போதுதான் தெரியும். தாளிப்பு கிடையாது. கறிவேப்பிலை இருந்தால் கிள்ளிப் போட்டு, பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி மேலாக விட்டு மூடி வையுங்கள், மணம் போதும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கூத்து உண்டு. தென்மேற்கு மழையும் பெய்யும், வடகிழக்கு மழையும் பெய்யும். ஜூனில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு தடவை என்று இரண்டு முறை ரப்பர் மரக் கொப்பு கரண்டுக் கம்பியில் விழும், மிக்ஸி ஓடாது. அந்த நாளுக்கு அம்மியைத் தேடாதீர்கள், களைத்து வந்தவள் அம்மியில் அரைப்பது பாவம். பத்துச் சின்ன உள்ளி, நாலு சுட்ட வத்தல், கல்லுப்பு, துளி புளி, இவற்றை இடிகல்லில் நசுக்கி, அதன் தலையில் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பிசறிவிடுங்கள். ஐந்து நிமிஷம் ஆகாது. கஞ்சியில் விடத் தேங்காய் அரைக்க முடியாதே என்றால் துருவலை அப்படியே போட்டுவிடுங்கள், மெல்லக் கொஞ்சம் இருக்கட்டும்.

பப்படமா கருவாடா என்பது வீட்டுக்காரர் வேலை. மரப்பட்டறையிலிருந்து எட்டு மணிக்கு வருவார், கை கழுவிவிட்டு நேரே சட்டியை வைப்பார். கல்யாணமான புதிதில் தண்ணீர்கூட நான்தான் மோந்து கொடுக்க வேண்டும், அதை மாற்றப் பத்து வருஷம் ஆயிற்று, அது தனிக் கதை. கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு உப்பை இறக்கி, இரண்டு தண்ணீர் அலசி, ஈரம் போகத் துடைத்து, மிளகாய்த்தூள் மட்டும் பிசறித் தேங்காய் எண்ணெயில் பொரிக்கலாம். இரண்டும் பொரிக்கிற நாளில் முதலில் பப்படம், அப்புறம் கருவாடு. மாற்றிச் செய்தால் பப்படமெல்லாம் கருவாட்டு வாடை அடிக்கும், எங்கள் வீட்டில் அதற்காகவே மாற்றிச் செய்கிற ஒருவர் உண்டு, பெயர் சொல்லவில்லை. விசைப்படகு போகாத மாசங்களில் கருவாட்டுக்கு மவுசு அதிகம். கன்னியாகுமரிக்குக் கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கணக்கு என்பதால் ஒரு பக்கம் படகு நிற்கிற நாளில் மறுபக்கத்து மீன் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் விலை கேட்டால் பசி போய்விடும். மார்ச்சிலேயே நெத்திலிக் கருவாடு வாங்கி, நன்றாக வெயிலில் காயவைத்து, பாட்டிலில் அடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை மீன் வைக்கக் கூடாதா என்றால், தாராளமாக வைக்கலாம், யாராவது கழுவிக் கொடுத்தால். நெத்திலி அவியலுக்கு அடுப்பில் பத்து நிமிஷம்தான்: தேங்காய், வத்தல், மஞ்சள் அரைத்துப் பிசறி, மாங்காய்த் துண்டு போட்டு மூடி வைத்தால் ஆயிற்று. ஆனால் அரைக் கிலோ நெத்திலியைத் தலை கிள்ளிக் கழுவ முக்கால்மணி நேரம் குத்தவைத்து இருக்க வேண்டும். பத்து நிமிஷச் சமையல் என்று சொல்கிறவர்கள் இந்த முக்கால்மணி நேரத்தைச் சொல்வதே இல்லை. முந்தின நாள் மீன் கறி மிச்சம் இருக்கிறதா, அது வேறு விஷயம். புளி இறங்கி முதல்நாளைவிட நன்றாகத்தான் இருக்கும்.

அப்படி மீன் கறி மிச்சம் இருக்கிற நாளில் கஞ்சியை விட்டுவிட்டு மரச்சீனிக் கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக் கிழங்குக்குப் போய்விடுவேன். நம்ம பக்கத்துக்கு இதைக் கொண்டுவந்து பரப்பினதில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாளுக்குப் பங்கு உண்டு என்பார்கள், அவர் ஆண்டது 1880 முதல் 1885 வரை. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது திருவிதாங்கூர் முழுக்க இதைத் தின்றுதான் உயிர் பிழைத்தது, நாமும் அப்போது அந்தச் சமஸ்தானத்து ஆட்கள்தானே. மாமியின் அம்மா பஞ்ச காலத்தில் மூன்று வேளையும் கிழங்கு தின்ற வெறுப்பில் கடைசிவரை அதைத் தொடவில்லையாம். நாங்கள் காசு கொடுத்து ஆசையாக வாங்குகிறோம்.

கிழங்கு வாங்கினால் அன்றைக்கோ மறுநாளோ வேகவைத்துவிட வேண்டும். பிடுங்கின இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கறுப்புக் கோடு விழுந்துவிடும். தோலைச் சீவ வேண்டாம். துண்டாக வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுக் கத்தி முனையால் நெம்பினால் உள்தோலும் சேர்ந்து சட்டை கழற்றின மாதிரி வரும். முக்கியமாக, இதைக் குக்கரில் வைக்காதீர்கள். கிழங்கில் கொஞ்சம் விஷச் சத்து உண்டு, கசக்கிற ரகத்தில் அது அதிகம். நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது அதற்காகத்தான். வெடித்து மாவாக வந்ததும் உப்புப் போட்டு ஒரு கொதி, பிறகு வடித்துவிடுங்கள். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் சதைத்துப் போட்டு அகப்பையால் மசித்தால் ராத்திரிக்குப் போதும். வெறும் கிழங்காகத் தின்னாமல் மீனோ முட்டையோ சேர்த்துத் தின்பது நல்லது என்று சொல்வதும் சும்மா ருசிக்காக மட்டும் இல்லை, அந்த விஷத்தை உடம்பு முறிக்க மீன், முட்டையில் இருக்கிற புரதம் உதவுகிறது.

களைத்த நாளில் தீயல், அதாவது வறுத்து அரைத்த தேங்காய்க் குழம்பு, பக்கம் போகவே போகாதீர்கள். தேங்காயைக் கருகாமல் வறுத்தெடுக்க இருபது நிமிஷம் அடுப்பை விட்டு நகர முடியாது, கண்ணசந்தால் மொத்தமும் போச்சு. அதுவும் கேட்டே ஆக வேண்டும் என்கிற வாய் வீட்டில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வறுத்து, தண்ணீர் விடாமல் எண்ணெய் கக்க அரைத்து, ஈரமில்லாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோசை மாவு இருந்தால் தோசை சுடலாமே என்று கேட்பீர்கள். ஐந்து பேருக்குத் தோசை என்றால் கல்லுக்கு முன்னால் முக்கால்மணி நேரம் நிற்பது, கடைசித் தோசை நமக்கு, அதுவும் ஆறிப்போனது. கஞ்சியென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து குடிக்கலாம்.

பரோட்டா வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாசத்தில் இரண்டு நாள் நாங்களும் வாங்குகிறோம், சால்னா ஊற்றிப் பிய்த்துப் போட்டு ஆசையாகத்தான் தின்கிறோம். அது வாங்க வேண்டும் என்று நினைத்து வாங்குகிற நாள். யோசித்து யோசித்து ஒன்றும் தோன்றாமல் வாங்குகிற நாளில்தான் அதே பரோட்டா ரப்பர் மாதிரி இருக்கும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு எரியும்.

கஞ்சி மிஞ்சினால் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெறும் சோற்றில் தண்ணீர் விட்டுப் பழங்கஞ்சி ஆக்குகிற மாதிரி இதை வெளியே வைத்தால் நம்ம ஊர் புழுக்கத்துக்குப் பயறும் தேங்காயும் காலைக்குள் ஊசிப்போகும். காலையில் கெட்டியாகக் களி மாதிரி இருக்கும், வெந்நீர் விட்டுக் கலக்கிச் சூடாக்கினால் பழையபடி வந்துவிடும். வீட்டுக்காரர் அதில் மட்டி வாழைப்பழத்தை உரித்துத் தொட்டுக்கொள்வார். எனக்குப் புரியாத ருசி, ஆனால் சின்னவனும் இப்போது அதையே செய்கிறான்.

பாத்திரம் என்று பார்த்தால் குக்கர், மிக்ஸி ஜார், பொரித்த சட்டி, ஐந்து கிண்ணம். குக்கரை மட்டும் அந்த ராத்திரியில் தேய்க்க முனையாதீர்கள், அடியில் பிடித்தது கையை ஒடித்துவிடும். கழுத்துவரை தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுங்கள், காலையில் விரலால் தொட்டாலே வந்துவிடும்.